லினக்ஸ் எக்ஸ்ட்4: பெரிய கோப்பு எழுதும்போது டேட்டாபேஸ் கமிட் நொடிக்கணக்கில் நிற்கிறது. டர்ட்டி வரம்பா, ஜர்னலா, டிஸ்க்கா?

பொதிகை64 (கேள்வி)

வணக்கம். சர்வர் விவரம் முதலில்: 64 ஜிபி ரேம், டெபியன் 12, கர்னல் 6.1. டிஸ்க் ஒன்றே ஒன்று, 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி, டிஎல்சி வகை (ஒரு செல்லில் 3 பிட்), டெஸ்க்டாப் ரகம். முழுவதும் ஒரே எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷன். மவுண்ட் ஆப்ஷன் எதையும் மாற்றவில்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இதில்தான் ஓடுகிறது. இரவில் சுமார் 40 ஜிபி அளவுள்ள ஒரு டம்ப் கோப்பும் இதே டிஸ்க்கில் எழுதப்படுகிறது. பிறகு அது வேறு இடத்துக்கு நகர்த்தப்படும்.

அறிகுறிகள்:

டம்ப் தொடங்கிய முதல் சில நொடிகளில் எழுதும் வேகம் நொடிக்கு 1 ஜிபியைத் தாண்டிக் காட்டுகிறது. சாட்டாவில் அது நடக்காது என்பது தெரியும், ஆக அது ரேமுக்குப் போகிறது. அதன்பின் வேகம் தடாலென்று விழுந்து நொடிக்கு 150 எம்பி அளவில் நிற்கிறது. அந்த நேரத்தில் டேட்டாபேஸ் கமிட் ஒவ்வொன்றும் நொடிக்கணக்கில் காத்திருக்கிறது. விம் எடிட்டரில் ஒரு சின்னக் கோப்பைச் சேமித்தால்கூட திரை உறைந்துவிடுகிறது. சில இரவுகளில் கர்னல் பதிவில் ஜேபிடி2 த்ரெட் (எக்ஸ்ட்4-இன் ஜர்னலை, அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டை, எழுதுவது) 120 நொடிக்கு மேல் தடைபட்டதாக எச்சரிக்கை வருகிறது.

டம்ப் மெதுவாக முடிந்தாலும் பரவாயில்லை. கமிட் தாமதம் குறைய வேண்டும். எதை மாற்றுவது, எந்த வரிசையில் மாற்றுவது?

இடையகம்

நண்பரே, முதல் பாதிக்கு விடை உங்கள் ரேம் அளவிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சாதாரண ரைட் அழைப்பு டிஸ்க்கைத் தொடுவதில்லை. பேஜ் கேஷில் (கோப்புத் தரவுக்கான ரேம் இடம்) ஒரு பக்கத்தை நிரப்பி, அதை டர்ட்டி (டிஸ்க்குக்கு இன்னும் போகாதது) என்று குறித்துவிட்டுத் திரும்பிவிடும். டிஸ்க்குக்குக் கொண்டுபோவது ஃப்ளஷர் த்ரெட்டின் வேலை. அது எப்போது எழும் என்பதை நான்கு சிஸ்சிடிஎல் (கர்னல் அமைப்பு) எண்கள் முடிவு செய்கின்றன. டிஃபால்ட் மதிப்புகள்: டர்ட்டி_பேக்ரவுண்ட்_ரேஷியோ 10, டர்ட்டி_ரேஷியோ 20, டர்ட்டி_எக்ஸ்பயர்_சென்டிசெக்ஸ் 3000 (அதாவது 30 நொடி), டர்ட்டி_ரைட்பேக்_சென்டிசெக்ஸ் 500 (5 நொடி).

அந்த 10, 20 சதவீதம் மொத்த ரேமுக்கு அல்ல. காலி இடமும் பேஜ் கேஷும் சேர்ந்து, டர்ட்டி ஆகக்கூடிய நினைவகம் எவ்வளவோ அதற்கு. போஸ்ட்கிரெஸ் எடுத்தது போக உங்களிடம் 50 ஜிபி அப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 ஜிபி சேர்ந்ததும் ஃப்ளஷர் எழும். உச்ச வரம்பு 10 ஜிபி. எழுதும் புராசஸை கர்னல் பிடித்து நிறுத்தத் தொடங்குவது இரண்டுக்கும் நடுவே, 7.5 ஜிபியில். அதுவரை கட்டற்ற ஓட்டம். நீங்கள் பார்த்த 1 ஜிபி வேகம் அதுதான். நொடிக்கு 150 எம்பி இறக்கும் டிஸ்க்கில் 7.5 ஜிபி கரைய 50 நொடி ஆகும்.

புராசஸை நிறுத்தும் முறை கர்னல் 3.2-இல் (2012) மாறியது. அதற்கு முன் வரம்பைத் தாண்டிய புராசஸ் தானே டிஸ்க்குக்கு எழுதப் போகும். பல புராசஸ்கள் ஒரே சமயத்தில் அப்படிப் போனால், ஹார்ட் டிஸ்க்கின் தலை அங்கும் இங்கும் அலைந்தே நேரம் போய்விடும். இப்போது கர்னல் டிஸ்க்கின் எழுதும் வேகத்தை அளந்து, அதற்கேற்ப புராசஸைச் சிறு சிறு இடைவெளிகளாகத் தூங்க வைக்கிறது. எழுதுவது முழுக்க ஃப்ளஷரிடம்.

செய்ய வேண்டியது: சதவீதத்தை விட்டுவிட்டு பைட் கணக்குக்கு மாறுங்கள். ரேம் கூடினாலும் டிஸ்க்கின் வேகம் கூடாதே. உங்கள் டிஸ்க்குக்கு டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸ் 134217728 (128 எம்பி, ஏறக்குறைய ஒரு நொடி வேலை), டர்ட்டி_பைட்ஸ் 536870912 (512 எம்பி). இரண்டின் நடுப்புள்ளி 320 எம்பி. நிலுவை சுமார் 2 நொடி வேலைக்குள் அடங்கிவிடும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். பைட்ஸ் மதிப்பை எழுதினால் அதன் ஜோடியான ரேஷியோ 0 ஆகிவிடும். அது இயல்பு, பதற வேண்டாம். பேக்ரவுண்ட் மதிப்பை உச்ச வரம்புக்குச் சமமாகவோ அதற்கு மேலோ வைத்தால், கர்னல் அதைக் கண்டுகொள்ளாமல் உச்ச வரம்பில் பாதியை எடுத்துக்கொள்ளும். மாற்றிய பிறகும் எண்கள் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்றால் இதைச் சரிபாருங்கள்.

நிலைக்க வேண்டுமானால் ஈடிசி அடியில் உள்ள சிஸ்சிடிஎல்.டி கோப்புறையில் ஒரு கோப்பாகப் போட்டுவிடுங்கள்.

வேகவட்டு

டேட்டா=ரைட்பேக், பேரியர்=0, கமிட்=60 மூன்றையும் மவுண்ட் ஆப்ஷனில் போட்டால் போதும். ஜர்னல் தொல்லை தீர்ந்துவிடும். நோஏடைம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜர்னல்வாசி

பொதிகை64, மேலே உள்ள பதிலில் நோஏடைமைத் தவிர எதையும் செய்யாதீர்கள். அதுவும் கட்டாயமில்லை. கர்னல் 2.6.30 முதல் ரெல்ஏடைம்தான் டிஃபால்ட். ஒவ்வொரு வாசிப்புக்கும் நேரமுத்திரை எழுதும் பழைய வழக்கம் போய்விட்டது. மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். டேட்டாபேஸ் உள்ள இயந்திரத்தில் இது விளையாட்டல்ல.

கமிட்=60 உங்களுக்கு உதவாது. டிஃபால்ட் 5 நொடி என்பது யாரும் கேட்காதபோது ஜர்னல் தானாக மூடும் இடைவெளி. எஃப்சிங்க் (கோப்பை இப்போதே டிஸ்க்கில் சேர்க்கச் சொல்லும் அழைப்பு) வந்தால் அந்த இடைவெளியைப் பார்க்காமல் அப்போதே மூடும். உங்கள் சிக்கலே எஃப்சிங்க் காத்திருப்பு. ஆக இதில் ஆதாயம் இல்லை. எஃப்சிங்க் செய்யாத கோப்புகளில் மட்டும் ஒரு நிமிட வேலை பறிபோகும் வாய்ப்பு கூடுகிறது.

டேட்டா=ரைட்பேக் ஒரு காலத்தில் உண்மையிலேயே பலன் தந்தது. எக்ஸ்ட்3-இல் ஆர்டர்ட் பயன்முறை என்றால், ஒரு டிரான்சாக்ஷனை மூடும் முன் அதில் புதிதாக இடம் ஒதுக்கப்பட்ட எல்லாக் கோப்புகளின் தரவும் டிஸ்க்குக்குப் போயாக வேண்டும். யாரோ எழுதும் பெரிய கோப்புக்காக உங்கள் சின்னக் கோப்பின் எஃப்சிங்க் காத்திருக்கும். 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்தபோது லினக்ஸில் அது அடிக்கடி உறைந்ததற்குக் காரணம் இதுதான். எக்ஸ்ட்4-இல் இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போடும் டீலே அலோகேஷன் வந்தபின் பாதி குறைந்தது. கர்னல் 5.6 முதல் டிஐஓரீட்_நோலாக் டிஃபால்ட் ஆனது. பெயரைப் பார்த்தால் வாசிப்பு சம்பந்தப்பட்டது போலத் தெரியும், ஆனால் சாதாரண எழுத்துக்கும் அதில் பங்குண்டு. புதிய பிளாக்குகள் முதலில் "இன்னும் எழுதப்படாதவை" என்ற குறியுடன் ஒதுக்கப்படுகின்றன. தரவு டிஸ்க்கை அடைந்த பிறகே குறி மாற்றப்படுகிறது. இடையில் கரண்ட் போனாலும் அந்த இடத்தைப் படித்தால் பூஜ்யம்தான் வரும், பழைய நீக்கப்பட்ட தரவு வராது. எனவே ஜர்னல் மூடும்போது அந்தத் தரவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

6.1-இல் இருக்கும் உங்களுக்கு டேட்டா=ரைட்பேக் தருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நம்பிக்கையில்லை என்றால் ப்ராக் கோப்புறையில் எஃப்எஸ், அதற்குள் ஜேபிடி2, அதற்குள் உங்கள் பார்ட்டிஷன் பெயர், அதற்குள் இன்ஃபோ கோப்பைத் திறந்து பாருங்கள். ஆர்டர்ட் பயன்முறையில் தரவை இறக்க ஆன சராசரி நேரம் மில்லி நொடியில் தனி வரியாக இருக்கும். அது 0-ஐ ஒட்டி இருந்தால் அந்த ஆப்ஷனை மறந்துவிடலாம். கமிட்டுக்கு ஆன சராசரி நேரமும் அதே கோப்பில் கிடைக்கும்.

பேரியர்=0 பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். டிஸ்க்குக்குள் ஒரு கேஷ் இருக்கிறது. அது தனக்கு வசதியான வரிசையில்தான் ஃப்ளாஷில் எழுதும். ஜர்னல் பிளாக்குகள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகே கமிட் பிளாக் போக வேண்டும் என்ற ஒழுங்கை உறுதி செய்வது இடையில் அனுப்பும் ஃப்ளஷ் கட்டளை. பேரியரை அணைத்தால் அந்தக் கட்டளை போகாது. கரண்ட் போனால், ஜர்னலில் பழைய இடம் விடுவிக்கப்பட்டிருக்கும், அதன் உள்ளடக்கமோ சொந்த இடத்தில் இன்னும் எழுதப்பட்டிருக்காது. ஜர்னலின் செக்சம் பாதி எழுதிய டிரான்சாக்ஷனைக் கண்டுபிடிக்கும். இந்த இழப்பைக் கண்டுபிடிக்காது. டேட்டாபேஸுக்கு இன்னும் மோசம். எஃப்டேட்டாசிங்க் (தரவுக்கு மட்டுமான எஃப்சிங்க்) "முடிந்தது" என்று திரும்பிவிடும், ஆனால் டபிள்யூஏஎல் (டேட்டாபேஸ் மாற்றங்களை முன்கூட்டியே குறிக்கும் கோப்பு) பதிவு டிஸ்க் கேஷிலேயே இருக்கும். டேபிள் பக்கங்கள் முந்திக்கொண்டு எழுதப்பட்டுவிட்டால் டேட்டாபேஸ் சிதைந்துபோகும். எக்ஸ்எஃப்எஸ் (இன்னொரு ஃபைல் சிஸ்டம்) இந்த ஆப்ஷனையே கர்னல் 4.19-இல் நீக்கிவிட்டது.

கமிட்டின் நிலைப்பை விட்டுக்கொடுத்து வேகம் வேண்டும் என்றால், அதற்கு நேர்மையான வழி போஸ்ட்கிரெஸிலேயே உண்டு: சிங்க்ரனஸ்_கமிட்டை ஆஃப் செய்யுங்கள். இயந்திரம் விழுந்தால் இழப்பது டபிள்யூஏஎல்_ரைட்டர்_டீலேயின் மூன்று மடங்கு வரை. டிஃபால்ட் 200 மில்லி நொடி, ஆக 600 மில்லி நொடி வேலை. டேட்டாபேஸ் சிதையாது. அதே அமைப்புக் கோப்பில் இருக்கும் எஃப்சிங்க் என்ற சொடுக்கை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள்.

நுண்நொடி

இடையகம் சொன்னது சரி, ஆனால் அது முழு மருந்தல்ல. 320 எம்பியில் நிறுத்தினாலும் 40 ஜிபி எழுதியாக வேண்டுமே. நொடிக்கு 150 எம்பி என்றால் ஏறக்குறைய நாலரை நிமிடம் டிஸ்க் முழுச்சுமையில் இருக்கும். அந்த நாலரை நிமிடமும் கமிட் எங்கே காத்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸின் டபிள்யூஏஎல் கோப்புகள் 16 எம்பி துண்டுகள். உருவாக்கும்போதே பூஜ்யத்தால் நிரப்பப்படுகின்றன, பிறகு மறுபயன்பாட்டுக்கு வருகின்றன. அதனால் கமிட்டின்போது கோப்பின் அளவும் மாறாது, பிளாக் குறியும் மாறாது. எஃப்டேட்டாசிங்க் நேரமுத்திரையைப் பொருட்படுத்தாது. ஆக அந்த அழைப்பு ஜேபிடி2-ஐத் தொடுவதே இல்லை. தரவு பிளாக்கை எழுதும், ஒரு ஃப்ளஷ் அனுப்பும், அவ்வளவுதான். உங்கள் கமிட் தாமதம் முழுக்க அந்த ஒரு ஃப்ளஷில் இருக்கிறது என்பது என் கணிப்பு. விம்மின் கதை வேறு. அது புதுக் கோப்பு எழுதி எஃப்சிங்க் செய்வதால் ஜர்னல் வழியாகப் போகிறது.

சாட்டாவில் ஃப்ளஷ் ஏன் இவ்வளவு கனமானது? என்சிகியூ எனப்படும் சாட்டா கட்டளை வரிசையில் 32 கட்டளைகள் ஒரே சமயத்தில் நிற்கலாம். ஃப்ளஷ் அந்த வரிசையில் சேரும் கட்டளை அல்ல. முன்னால் உள்ள 32-ம் முடிந்து வரிசை காலியானால்தான் அதை அனுப்பவே முடியும். பிறகு டிஸ்க் தன் கேஷ் முழுவதையும் இறக்க வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் உங்கள் டம்ப். ஜர்னல் கமிட்டுக்கு இது இரட்டிப்பு. எஃப்யூஏ எனப்படும் நேரடி எழுத்து வசதியை லிபாட்டா (கர்னலின் சாட்டா டிரைவர்) டிஃபால்ட்டாக அணைத்தே வைத்திருப்பதால், கமிட் பிளாக்குக்கு முன் ஒரு ஃப்ளஷ், பின் ஒரு ஃப்ளஷ்.

கணிப்பை நம்பி எதையும் மாற்ற வேண்டாம், அளந்து பாருங்கள். டம்ப் ஓடும்போது ஒரு டெர்மினலில் மெம்இன்ஃபோவின் டர்ட்டி, ரைட்பேக் இரண்டு வரிகளையும் நொடிக்கொரு முறை பாருங்கள். இன்னொன்றில் ஐஓஸ்டாட்டை எக்ஸ் ஆப்ஷனுடன் 1 நொடி இடைவெளியில் ஓட்டுங்கள். டபிள்யூ_அவெய்ட் எழுத்தின் சராசரிக் காத்திருப்பு, எஃப்_அவெய்ட் ஃப்ளஷின் சராசரிக் காத்திருப்பு, இரண்டும் மில்லி நொடியில். ஃப்ளஷ் கணக்கு கர்னல் 5.5 முதல் கிடைக்கிறது. யுட்டில் சதவீதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பல வேலைகளை இணையாகச் செய்யும் எஸ்எஸ்டியில் 100 சதவீதம் என்பது நிறைந்துவிட்டது என்ற பொருள் தராது.

கமிட்டைப் போன்ற சுமைக்கு எஃப்ஐஓ கருவி: வரிசையான எழுத்து, பிளாக் அளவு 4 கிபி, சிங்க் எஞ்சின், எஃப்டேட்டாசிங்க்=1. டம்ப் ஓடாதபோது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை. முடிவில் எஃப்டேட்டாசிங்குக்கென்று தனிப் பகுதி வரும். அதில் 99-ஆம் பெர்சென்டைலைப் பாருங்கள், சராசரி உங்கள் சிக்கலை மறைத்துவிடும். டிடி வைத்துப் பூஜ்யம் எழுதி அளப்பது பேஜ் கேஷை அளப்பதாகவே முடியும். தவிர்க்க முடியாவிட்டால் கான்வ்=எஃப்டேட்டாசிங்க் சேர்க்காமல் ஓட்டாதீர்கள்.

இன்னொன்று: டிஸ்க்கின் க்யூ கோப்புறையில் டபிள்யூபிடி_லேட்_யூசெக் என்ன காட்டுகிறது? 4.10-இல் (2017) வந்த ரைட்பேக் த்ராட்லிங் இது. பின்னணி எழுத்து டிஸ்க் வரிசையை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். சுழலாத டிஸ்க்குக்கு 2000, அதாவது 2 மில்லி நொடி. சுழலும் டிஸ்க்குக்கு 75000. 0 என்றால் அணைந்திருக்கிறது. பிஎஃப்கியூ ஷெட்யூலரைத் தேர்ந்தெடுத்தால் இது தானாக அணைந்துவிடும், பலர் கவனிப்பதில்லை.

பொதிகை64

மூவருக்கும் நன்றி. அளந்தவை:

டர்ட்டி வரம்பு மாற்றும் முன் டர்ட்டி வரி 7 ஜிபியைத் தாண்டியது. இடையகம் சொன்ன மதிப்புகளுக்குப் பிறகு 300 எம்பியைச் சுற்றியே நிற்கிறது. 120 நொடி எச்சரிக்கை இதுவரை வரவில்லை. ஜேபிடி2 இன்ஃபோவில் ஆர்டர்ட் தரவு வரி 0. ஷெட்யூலர் எம்கியூ-டெட்லைன், டபிள்யூபிடி 2000.

ஆனால் நுண்நொடி சொன்னது போலவே, டம்ப் ஓடும் வரை எஃப்_அவெய்ட் உயரத்திலேயே நிற்கிறது, டபிள்யூ_அவெய்டைவிடப் பல மடங்கு. டம்ப் நின்றதும் இறங்கிவிடுகிறது. டம்ப் புராசஸுக்கு ஐஓநைஸ் (டிஸ்க் முன்னுரிமை) ஐடில் வகுப்பு கொடுத்துப் பார்த்தேன், எந்த மாற்றமும் தெரியவில்லை. ஏன்? டம்ப்பை மட்டும் மெதுவாக்க முறையான வழி எது?

நுண்நொடி

ஐஓநைஸ் பலிக்காததற்குக் காரணம், டிஸ்க்குக்கு எழுதுவது உங்கள் டம்ப் புராசஸ் அல்ல, ஃப்ளஷர் த்ரெட். டம்ப் புராசஸின் முன்னுரிமை அந்த த்ரெட்டுக்குப் போவதில்லை. பேஜ் கேஷ் வழியாக எழுதும் எதற்கும் ஐஓநைஸ் இப்படித்தான் வீணாகும்.

சரியான கருவி சிகுரூப் (புராசஸ்களைக் குழுவாக்கி வரம்பிடும் கர்னல் வசதி) இரண்டாம் பதிப்பு. டெபியன் 12-இல் அதுதான் டிஃபால்ட். எழுதப்படும் பக்கம் எந்தக் குழுவுடையது என்பது அதற்குத் தெரியும். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றும் இதற்கு ஒத்துழைக்கின்றன. டம்ப் கட்டளையை சிஸ்டம்டி-ரன் மூலம் ஸ்கோப்பாக ஓட்டி, இரண்டு பண்புகள் கொடுங்கள்: ஐஓரைட்பேண்ட்வித்மேக்ஸ் உங்கள் டிஸ்க்குக்கு 80எம், மெமரிஹை 1ஜி.

இரண்டாவது எதற்கு என்று தோன்றலாம். பேஜ் கேஷ் எழுத்தைக் குழுவின் கணக்கில் சேர்க்க ஐஓ, மெமரி இரண்டு கன்ட்ரோலரும் அதே குழுவில் இயங்க வேண்டும். ஐஓ மட்டும் இருந்தால் ஃப்ளஷரின் எழுத்து ரூட் குழுவில் போய்விழும், 80எம் என்ற எண் வெறும் அலங்காரமாக நிற்கும். மெமரிஹை கொடுத்தால் அந்த ஐயமே எழாது. டர்ட்டி வரம்பும் அந்தக் குழுவின் நினைவக அளவுக்கேற்ப தனியே கணக்கிடப்படுவதால், டம்ப் தன் வரம்பில் தானே முட்டி நிற்கும். போஸ்ட்கிரெஸின் பங்கைத் தின்னாது.

எங்கே தவறும்: டிஸ்க்கின் பெயரை முழு டிஸ்க்காகக் கொடுங்கள், பார்ட்டிஷனாகக் கொடுக்க வேண்டாம். ஒரு கோப்பை இரண்டு குழுக்கள் எழுதினால் கணக்கு குழம்பும், ஏனென்றால் உரிமை ஐநோடு (அதாவது கோப்பு) வாரியாகத்தான் பதிவாகிறது. உங்கள் டம்ப் ஒரே புராசஸ் எழுதும் புதுக் கோப்பு என்பதால் சிக்கல் இல்லை. 5.6-க்கு முந்தைய கர்னலில் இதைச் செய்வதாக இருந்தால் கவனம்: ஆர்டர்ட் பயன்முறையில் ஜர்னல், வேகம் குறைக்கப்பட்ட குழுவின் தரவுக்காகக் காத்து நிற்கும், மொத்த ஃபைல் சிஸ்டமும் அந்த 80எம் வேகத்துக்கு இறங்கிவிடும்.

நொடிக்கு 80 எம்பி என்றால் 40 ஜிபிக்கு 512 நொடி, எட்டரை நிமிடம். டிஸ்க்கின் வேகத்தில் பாதி மிச்சம். முதலில் 80-இல் தொடங்கி, எஃப்_அவெய்டைப் பார்த்துக்கொண்டே 10, 10-ஆக ஏற்றுங்கள். அது துள்ளும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள்.

அடுக்குமொழி

டம்ப்பை எழுதும் நிரலை மாற்ற முடிந்தால், சிகுரூப் இல்லாமலே பெரும்பகுதி தீரும். நிரல் எழுதுபவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன்.

பெரிய கோப்பை வரிசையாக எழுதும் நிரல், 8 எம்பி எழுதியதும் அந்தத் துண்டுக்கு சிங்க்_ஃபைல்_ரேஞ்ச் அழைப்பை "எழுதத் தொடங்கு" கொடியுடன் விடலாம். அடுத்த 8 எம்பி எழுதியதும் முந்தைய துண்டு முடிந்ததா என்று காத்திருந்து, போசிக்ஸ்_எஃப்அட்வைஸின் டோன்ட்நீட் மூலம் அதைப் பேஜ் கேஷிலிருந்து விடுவிக்கலாம். டர்ட்டி நிலுவை எப்போதும் 16 எம்பிக்குள். டேட்டாபேஸின் சூடான பக்கங்களும் கேஷிலிருந்து தள்ளப்படாது. போஸ்ட்கிரெஸே 9.6 முதல் செக்பாயின்டில் இதைத்தான் செய்கிறது. செக்பாயின்ட்_ஃப்ளஷ்_ஆஃப்டர் லினக்ஸில் டிஃபால்ட் 256 கிபி.

சிங்க்_ஃபைல்_ரேஞ்ச் நிலைப்புக்கு உத்தரவாதம் இல்லை. அது மெட்டாடேட்டாவையும் எழுதாது, டிஸ்க் கேஷையும் ஃப்ளஷ் செய்யாது. கடைசியில் ஒரு எஃப்சிங்க் கட்டாயம்.

கர்னல் 6.14 முதல் (2025) ரைட் அழைப்புக்கே டோன்ட்கேஷ் கொடி வந்துவிட்டது. எழுத்து உடனே தொடங்கும், முடிந்ததும் பக்கம் தானாக விடுபடும். 6.1-இல் கிடையாது. ஓ_டைரக்ட்டும் ஒரு வழி. ஆனால் பஃபரின் (எழுதும் தரவு இருக்கும் நினைவகத் துண்டின்) முகவரி, நீளம், கோப்பில் எழுதும் இடம் மூன்றும் டிஸ்க்கின் லாஜிகல் பிளாக் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். கடைசித் துண்டு ஒத்துவராமல் பிழை வரும். அதைத் தனியே கையாள மறந்துவிடுகிறார்கள்.

சிறு சிறு ரைட் அழைப்புகள் இன்னொரு விரயம். 100 பைட் எழுதினாலும் கர்னலுக்குள் போய், பக்கத்தைத் தேடி, பூட்டி, நகலெடுத்து, டர்ட்டி குறித்து, பூட்டைத் திறக்க வேண்டும். 64 கிபி முதல் 1 எம்பி வரை சேர்த்து எழுதுங்கள். அதற்கு மேல் சேர்ப்பதில் பெரிய லாபம் இருக்காது. கர்னல் பக்கத்திலும் இந்தச் செலவைக் குறைக்கத்தான் பெரிய ஃபோலியோக்கள் வந்தன. 4 கிபி பக்கம் பக்கமாகப் பூட்டித் திறக்காமல் பெரிய துண்டாக ஒரே முறை. எக்ஸ்எஃப்எஸில் 5.18-இல் (2022) வந்தது. எக்ஸ்ட்4-இல் சாதாரணக் கோப்புகளுக்கு 6.16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முன்கூட்டியே இடம் ஒதுக்கும் ஃபாலொகேட் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அது இடத்தைத் தருகிறது, துண்டாடலைக் குறைக்கிறது. ஆனால் அந்த பிளாக்குகள் "எழுதப்படாதவை" குறியுடனே இருக்கும். முதல்முறை எழுதும்போது குறி மாற வேண்டும், அது மெட்டாடேட்டா மாற்றம், எனவே எஃப்டேட்டாசிங்க் ஜர்னலை இழுக்கும். பதிவுக் கோப்புக்கு மலிவான எஃப்டேட்டாசிங்க் வேண்டுமானால் ஒருமுறை பூஜ்யத்தை உண்மையாகவே எழுதி நிரப்பியாக வேண்டும். நுண்நொடி சொன்ன டபிள்யூஏஎல் நிரப்பலின் காரணமும் இதுவே.

ஜர்னல்வாசி

அடுக்குமொழி சொன்ன "கடைசியில் ஒரு எஃப்சிங்க்" பற்றி ஒரு சொல். அது பிழை திருப்பினால் மறுபடி எஃப்சிங்க் அழைத்து "இப்போது சரியாகிவிட்டது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதத் தவறிய பக்கங்களை எக்ஸ்ட்4 சுத்தமானவை என்று குறித்துவிடும். இரண்டாவது அழைப்பு வெற்றி என்று சொல்லும், தரவு போயிருக்கும். 2018-இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்கள் இதை விவாதித்த பிறகு, எஃப்சிங்க் தவறினால் சர்வரை நிறுத்தி டபிள்யூஏஎல்லிலிருந்து மீட்கும்படி மாற்றினார்கள். டம்ப் நிரலும் அப்படியே: பிழை வந்தால் கோப்பை அழித்து முதலிலிருந்து எழுத வேண்டும்.

வன்பொருள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டம்ப்புக்கு தனி பார்ட்டிஷன் போட்டால் ஜர்னல் பிரியும், விம் உறைவது குறையும். ஆனால் ஃப்ளஷ் கட்டளை டிஸ்க் முழுவதற்கும் பொது, கமிட்டுக்குப் பலன் இருக்காது. தனி டிஸ்க் என்றால் முழுப் பலன். பழைய ஹார்ட் டிஸ்க்கே டம்ப்புக்குப் போதும், வரிசையான எழுத்துதானே.

அதைவிடச் சிறந்தது, கரண்ட் போனாலும் கேஷை இறக்கக் கெபாசிட்டர் உள்ள சர்வர் ரக எஸ்எஸ்டியை டேட்டாபேஸுக்கு வைப்பது. அதில் ஃப்ளஷ் ஏறக்குறைய உடனே திரும்பும், ஏனென்றால் கேஷில் உள்ளது ஏற்கெனவே பாதுகாப்பானது. இந்த இழையில் பேசிய எந்த மென்பொருள் மாற்றமும் அதற்கு ஈடாகாது. க்யூ கோப்புறையில் ரைட்_கேஷ் கோப்பில் "ரைட் த்ரூ" என்று எழுதினால் அதே வேகம் வரும் என்று இணையத்தில் பார்ப்பீர்கள். அது டிஸ்க்கில் எதையும் மாற்றாது, ஃப்ளஷ் அனுப்ப வேண்டாம் என்று கர்னலுக்குச் சொல்கிறது, அவ்வளவே. கெபாசிட்டர் இல்லாத டிஸ்க்கில் அது பேரியர்=0-இன் மறுபெயர்.

உங்கள் 150 எம்பி என்ற எண்ணும் டிஎல்சி டிஸ்க்கின் இயல்பு. முதல் சில ஜிபி எஸ்எல்சி கேஷில் (ஒரு செல்லில் 1 பிட் மட்டும் எழுதும் பகுதி) வேகமாக இறங்கும், அது நிறைந்ததும் உண்மை வேகம் தெரியும். டிஸ்க் நிறைய நிறைய அந்தக் கேஷும் சுருங்கும். 15 சதவீதமாவது காலியாக வையுங்கள். எஃப்எஸ்ட்ரிம் (காலி இடத்தை டிஸ்க்குக்குத் தெரிவிக்கும் கட்டளை) டைமர் வாரம் ஒருமுறை ஓடுகிறதா என்று பாருங்கள். டிஸ்கார்ட் மவுண்ட் ஆப்ஷனைவிட இதுவே இத்தகைய டிஸ்க்குக்கு ஏற்றது.

பொதிகை64

80எம்-இல் தொடங்கி 100எம்-இல் நிறுத்தியிருக்கிறேன். கமிட் காத்திருப்பு டம்ப் இல்லாத நேரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். விம் உறைவதும் நின்றது. கெபாசிட்டர் உள்ள டிஸ்க்குக்குக் கோரிக்கை வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். டர்ட்டி_பைட்ஸ் 512 எம்பி என்பது இயந்திரம் முழுமைக்கும்தானே? பகலில் இதே சர்வரில் பெரிய நிரல்தொகுப்பு ஒன்றின் பில்டும் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான தற்காலிகக் கோப்புகள் எழுதி அழிக்கும். அது பாதிக்கப்படுமா?

இடையகம்

பாதிக்கப்படலாம். எழுதிய 30 நொடிக்குள், பேக்ரவுண்ட் வரம்பையும் தொடாமல், ஒரு கோப்பு அழிக்கப்பட்டால் அது டிஸ்க்குக்குப் போகாமலே மறைந்துவிடும். டீலே அலோகேஷனால் அதற்கு பிளாக்கே ஒதுக்கப்பட்டிருக்காது. 5 ஜிபி வரம்பில் இந்த ஆதாயம் தாராளமாகக் கிடைத்தது. 128 எம்பியில் பில்ட்டின் தற்காலிகக் கோப்புகள் பல டிஸ்க்கைத் தொட்டுவிட்டே சாகும்.

டம்ப்புக்கு சிகுரூப் வரம்பு வந்துவிட்டதால் இப்போது உலகளாவிய வரம்பைத் தளர்த்தலாம். பேக்ரவுண்ட் 536870912, டர்ட்டி_பைட்ஸ் 2147483648 வைத்து எஃப்_அவெய்டைப் பாருங்கள். எக்ஸ்பயர் 3000-ஐத் தொட வேண்டாம். பில்ட்டின் தற்காலிகக் கோப்புறையை டிஎம்பிஎஃப்எஸில் (ரேமிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டம்) 8 ஜிபி உச்சவரம்புடன் மவுண்ட் செய்துவிட்டால் இன்னும் நல்லது, அந்தக் கோப்புகள் ரைட்பேக் கணக்கிலேயே வராது. 64 ஜிபி ரேமில் அது தாங்கும். ஸ்வாப் அதே எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது என்றால் 8-ஐ 4 ஆக்குங்கள். நினைவகம் இறுகினால் டிஎம்பிஎஃப்எஸ் பக்கங்கள் ஸ்வாப்புக்குப் போய், அதே டிஸ்க்கில் அதே வரிசையில் வந்து நிற்கும்.